சினை இருக்கா?

ராமநாதபுரத்தில் வேலை பார்த்த மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எனக்குத் தேவிபட்டினம்தான். நவபாஷாணத்துக்கு வந்தவர்கள் கடலுக்குள் இருக்கும் ஒன்பது கல்லைச் சுற்றப் போவார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு படகு நிற்கும் பக்கம் போவேன். அங்கே நண்டு வலையைக் குவித்துப் போட்டுச் சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து நண்டு கழற்றிக்கொண்டிருப்பார்கள். மீன் கழற்றுவதுபோல் சுலபமில்லை. நண்டு எல்லாக் காலிலும் வலையைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கொடுக்கு ஒடியும். ஒடிந்ததை நண்டு வாங்க வரும் கம்பெனிக்காரர் எடுக்கமாட்டார்; பெரிதாக, முழுசாக இருப்பதை எடை போட்டு அவர் கொண்டுபோன பிறகு மிஞ்சுவதுதான் நம் பைக்கு.

நான் கேட்கும் முதல் கேள்வி, "சினை இருக்கா?" அம்மாவிடம் கற்றது. அமாவாசையை ஒட்டி நண்டு வாங்கு, ஓட்டை அழுத்திப் பார், அமுங்கினால் அது தண்ணி நண்டு, வைத்துவிட்டு வா, சினை உள்ளதாகப் பொறுக்கு. எங்கள் வீட்டு நண்டு சாஸ்திரம் இவ்வளவுதான். ஓட்டைப் பிரித்தால் உள்ளே செம்மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கும் சினை குழம்பில் கரைந்தால் வரும் ருசியை நான் மறுக்கப் போவதில்லை.

ஒரு நாள் என் கேள்விக்குப் பதிலாக, நண்டு கழற்றிக்கொண்டிருந்த ஓர் அக்கா ஒரு நண்டைத் திருப்பிக் காட்டினார். வயிற்று மடிப்பு அகலமாக இருந்தால் பெண், ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண் என்பது வரை எனக்குத் தெரியும். இதன் மடிப்பு மூடவே முடியாமல் திறந்து நின்றது. அடியில் ஒரு பிடி கறுப்பு, ஈர மணல் அப்பியதுபோல. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு முட்டை. உள்ளிருக்கும் சினை முட்டையாக வெளியே வரும்போது மஞ்சளாக இருக்கும், நாள் ஆக ஆகப் பழுப்பாகிக் கடைசியில் கறுக்கும். கறுப்பு, உள்ளே குஞ்சுக்குக் கண் வந்துவிட்டதால் வருவது.

"இன்னைக்கோ நாளைக்கோ பொரிச்சிருக்கும் தம்பி" என்றார். சொல்லிவிட்டு அந்தக் கறுப்பை விரலால் வழித்து மணலில் உதறினார். சமையலுக்கு அது ஆகாது, நறநறவென்றிருக்கும். அப்படி ஒரு நண்டில் முட்டை லட்சக்கணக்கில் இருக்கும் என்று பிறகு படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் விரல் நுனியும் மணலும்தான்.

"விட்டுறக் கூடாதாக்கா?"

"விடலாம். விடிய விடிய வலையில கெடந்து, காலு போயி, இவ்வளவு நேரம் வெயிலு வேற. இனி விட்டா பொழைக்குமா?"

நியாயமான பதில். நான் வாங்காவிட்டாலும் அது செத்த நண்டுதான். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் நான் அதே கேள்வியோடுதான் வருவேன் என்று அவருக்குத் தெரியும், படகுக்காரருக்கும் தெரியும். என் அம்மா மாதிரி ஆயிரம் அம்மாக்கள் கேட்டுக் கேட்டுத்தான் சினை நண்டுக்குத் தனி மவுசு வந்தது.

இதற்கு ஒரு வழியாகத் தாய்லாந்துக் கரையோர ஊர்களில் நண்டு வங்கி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வலையில் முட்டை நண்டு வந்தால் உயிரோடு கொண்டுவந்து தொட்டியிலோ கூண்டிலோ விடுவது. முட்டை பொரிந்து குஞ்சு கடலுக்குப் போனபின் தாயை விற்றுக்கொள்வது. கறுத்த முட்டை என்றால் ஓரிரு நாள் காத்தால் போதும். நண்டும் விற்கும், குஞ்சும் போகும். இந்தோனேசியாவில் 2015இல் முட்டை நண்டையும், ஓடு பத்து சென்டிமீட்டர் அகலம் வராத நண்டையும் பிடிக்கவே கூடாதென்று உத்தரவு போட்டார்கள். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி இனவிருத்தி செய்யும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை யாரும் எடுப்பதில்லை. அந்த மட்டிக்கு 2014இல் நீடித்த மீன்பிடிப்புக்கான சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது, இந்தியாவில் அதுதான் முதல். நம் மீன் கடையில் சான்றிதழ் ஏது? கூடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவரிடம் கேட்பது ஒன்றுதான் வழி.

கேட்கவும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. அந்தத் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023இல் மண்டபத்தில் அறிவித்தார்கள். அதை வைத்து இரண்டு மாதம் ஒரு குடும்பம் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாம் அந்த இரண்டு மாதமும் விலை ஏறிவிட்டதென்று முனகிக்கொண்டே கேரளத்திலிருந்து வரும் மீனை வாங்குகிறோம். கடலுக்காக நான் விட்டுக்கொடுத்தது இதுவரை ஒரு குழம்பின் ருசி, அதுவும் பாதி.

நண்டை அடியோடு விட்டுவிடலாமே என்றார் ஒரு நண்பர். என்னால் முடியாது. விட்டால் அந்த அக்காவின் காலைப்பொழுது என்னாகும் என்று ஒரு காரணமும் சொல்வேன், அது பாதி சாக்கு. ஆனால் எந்த வலை என்று கேட்கப் பழகிவிட்டேன். இழுவைமடி என்றால் வேண்டாம். குட்டி நண்டு வளரும் கடல்தாழைப் படுகையை அது அரித்துக்கொண்டு போகிறது, கூடவே அள்ளி வரும் பொடிசெல்லாம் சங்காயமாகத் தீவன ஆலைக்குப் போகிறது. நண்டு வலை, நல்ல அளவு, ஆண் நண்டு. சதையும் அதில்தான் அதிகம், கொடுக்கைக் கடித்துப் பார்த்தால் தெரியும். அம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் ஓட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுலகூடவா இல்ல?" என்பாள்.

இப்போது சென்னை. நொச்சிக்குப்பத்தில் நான் வாடிக்கையாக நண்டு வாங்கும் மீன்கார அம்மாவுக்கு என் புத்தி பிடிபட்டுவிட்டது. "எல்லாரும் சென நண்டு கேக்குறாங்கோ, நீ ஒருத்தர்தான் ஆம்பள நண்டு கேக்குற சார்" என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஆணை என் தட்டிலும் பெண்ணை ஓரமாகவும் போடுவார். போன வாரமும் அப்படித்தான். காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பின்னால் நின்றவர் குனிந்து, "சினை இருக்காம்மா?" என்றார். பிரித்து ஓரமாக வைத்திருந்ததை அப்படியே வாரித் தராசில் போட்டார் அந்த அம்மா. பொறுக்குகிற வேலையை நான் முன்கூட்டியே முடித்து வைத்திருந்தேன்.