எட்டாம் திணை எங்கே?

பெருந்துறையைக் கடந்து கோவையை நோக்கி வருவோர் வழியில் காண்பது விசயமங்கலம். கொங்குவேளிர் வாழ்ந்த ஊர் என்று புலவர் போற்றும் ஊர். குணாட்டியர் பைசாச மொழியிலே சொன்ன கதையைத் தழுவி, உதயணன் என்னும் மன்னனின் காதலையும் பிரிவையும் மணங்களையும் 'பெருங்கதை'யாகத் தமிழுக்குத் தந்தவர் அவர். முதலும் முடிவும் கிடைக்காத அந்தக் காவியத்தை உ.வே. சாமிநாதையர் 1924-இல் அச்சேற்றினார். பிறர் கதையைத் தன் நெஞ்சுக்கு இசையத் திருப்பிச் சொல்லும் கலை, கொங்கு நாட்டுக்கு நேற்று வந்த புதுச் சரக்கன்று!

அதே கொங்கில், ஈரோட்டை அடுத்த ஓலவலசில் பிறந்த புலவர் குழந்தை, 1946-இல் 'இராவண காவியம்' வெளியிட்டார். கம்பன் கண்ட கதையைக் கவிழ்த்துக் காட்டினார். வீழ்ந்தவன் பக்கம் நின்று பாடினார். ஆட்சியாளர் 1948-இல் தடை விதித்தனர். 1971-இல்தான் தடை தகர்ந்தது. கதையைத் திருப்பி எழுதுவது வெறும் பொழுதுபோக்கென்றால், அரசாங்கம் ஏன் அஞ்சியது? மூலக்கதை எவனுக்கு அநீதி இழைத்ததோ, அவனுக்கு அடுத்த கதையில் நீதி கிடைத்துவிடும் என்ற அச்சம்தான்!

இன்று அந்த வேலையை இளைஞரும் இளம்பெண்களும் கைப்பேசியில் செய்கின்றனர். விரும்பிப் பார்த்த படத்தின் நாயகனை, விரும்பிப் படித்த தொடரின் நாயகியை எடுத்துக்கொண்டு, மூலத்தில் இல்லாத காதலைத் தாமே புனைகின்றனர். ரசிகர் புனைகதை என்று அதற்குப் பெயர். மேல்நாட்டில் இதற்கென 2009-இல் தொடங்கிய 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற பெருங்களஞ்சியம், 2019-இல் ஹியூகோ விருதே பெற்றது. எழுதுவோர் ஏளனத்துக்குரியவர் அல்லர். எழுதப்படுவதில் ஓர் ஏளனம் ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இங்கே கேள்விக்கு இழுக்கிறோம்.

மாந்தரில் சிலருக்கு, ஆண்பால் மீதும் பெண்பால் மீதும் உடல்வேட்கை எழுவதில்லை. பால் ஈர்ப்பு இல்லாதவர் என்று நேராகவே சொல்வோம். இவர்கள் துறவிகள் அல்லர். துறவி வேட்கையை அடக்குகிறான். இவரிடம் அடக்குவதற்கே ஒன்றுமில்லை. நோயாளிகளும் அல்லர். இவர்களுள் அன்பை நாடுவோர் உண்டு. துணையை விரும்புவோர் உண்டு. காதல் என்று தாமே பெயரிட்டு ஒருவரோடு வாழ்வோரும் உண்டு. அதையும் வேண்டாதவர் வேறு. 18,000-க்கு மேற்பட்ட பிரிட்டன் மக்களிடம் திரட்டிய விவரங்களை ஆராய்ந்து, நூற்றுக்கு ஒருவர் ஏறத்தாழ இத்தகையவர் என்று 2004-இல் ஆந்தனி போகேர்ட் எழுதினார். அவ்வூர்க் கணக்கை நம்மூருக்கு அப்படியே ஒட்டுவது ஆய்வாகாது. ஆயினும் அதில் நாலில் ஒரு பங்கே உண்மையென்று கொண்டாலும், 2011 கணக்கெடுப்பில் 34 இலட்சத்தைத் தாண்டிய கோவை மாவட்டத்தில் எட்டாயிரவர்! எட்டாயிரவருக்குக் கதையில் இடமில்லையா?

இடம் உண்டு. எப்படிப்பட்ட இடம்? காதல் கதையின் முதல் அத்தியாயத்தில், "எனக்கு இதிலெல்லாம் நாட்டமில்லை" என்பாள் நாயகி. படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், இந்தக் கோட்டை இடியப் போகிறது என்று. பத்தாம் அத்தியாயத்தில் விரல் படும். இருபதாவதில் உடல் சிலிர்க்கும். முப்பதாவதில் அவள் 'முழுப் பெண்' ஆகிவிடுவாள். அவள் சொன்ன முதல் சொல் பொய்யாக்கப்படும். பொய்யாக்கியவனுக்கு நாயகன் என்று பட்டம்! ஒருத்தி தன்னைப் பற்றித் தானே சொன்ன சொல்லை உடைப்பதைக் காதலின் வெற்றி என்று கொண்டாடுவது அறமா? இதுதான் வினா.

வினாவை நம் இலக்கணத்தின் முன்னும் வைப்போம். தொல்காப்பியர் அகத்தை ஏழாக வகுத்தார். ஒத்த அன்பிற்கு ஐந்திணை. ஒருவர் மட்டும் உருகினால் கைக்கிளை. பொருந்தாமல் பொங்கினால் பெருந்திணை. அளவு குறைந்த காதலுக்கும் இலக்கணம் உண்டு, அளவு கடந்த காதலுக்கும் இலக்கணம் உண்டு. வேட்கையே எழாத நெஞ்சுக்கு? எட்டாம் திணை எங்கே? கைக்கிளையைக் கற்கும் மாணவன், உருகும் ஒருவனுக்காக இரங்குகிறான். எதிரே நிற்பவள் ஏன் உருகவில்லை என்று கேட்பதில்லை. அவள் சிறுமி, அல்லது கல்நெஞ்சக்காரி. வேறு விளக்கம் ஏட்டில் இல்லை.

புலவர் ஒருவர் எழுந்து மறுப்புரைப்பார்: இன்பம் எல்லா உயிர்க்கும் உரியதென்று தொல்காப்பியரே சொல்லவில்லையா, இயற்கைக்கு மாறானதை இலக்கியத்தில் புகுத்தலாமா என்பார். புலவர் பெருமானே, நூற்பாவை முழுதும் படியுங்கள். அவ்வின்பம் மனம் பொருந்தி வருவது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறார். பொருந்தாத மனத்தில் அதைத் திணிப்பதற்குத் தொல்காப்பியரைத் துணைக்கு அழைக்காதீர்!

தமிழ்க் கதைகளில் மணம் வேண்டாத பெண் இல்லாமலில்லை. அவளுக்கு என்ன விலை வைத்தார்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும். ஒளவை மணத்தை மறுத்தாள். கதை சொன்னவர்கள் அவளை அப்படியே இருக்க விடவில்லை. பிள்ளையாரை வேண்டி முதுமை பெற்றாள் என்றனர். 1953-இல் வந்த 'ஒளவையார்' படத்தில், நம் கொடுமுடி கே.பி. சுந்தரம்பாள் அந்த முதியவளாக வந்து பாடியபோது நாடே உருகிற்று. எவரேனும் கேட்டோமா, வேண்டாம் என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஒரு பெண் தன் இளமை முழுவதையும் விலையாகத் தரவேண்டுமா என்று? காரைக்கால் புனிதவதியின் கதை வேறு வகை. கணவன் விலகிப்போனான், அவளோ அழகு தாங்கிய தசையை உதறிப் பேயுருக் கேட்டாள். மணவாழ்வுக்கு வெளியே நிற்க விரும்பும் பெண்ணுக்கு ஒன்று கிழவியுரு, அன்றேல் பேயுரு!

மணிமேகலை மூன்றாவது வழி. உதயகுமரன் துரத்துகிறான், அவள் காயசண்டிகையின் உருவில் ஒளிகிறாள், விஞ்சையன் வாள் அரசிளங்குமரனை வீழ்த்துகிறது. எவ்வளவு பெரிய வாய்ப்பு சாத்தனாருக்கு! கணிகையர் குலத்தில் பிறந்தவள், காமமே தொழிலென்று ஊர் விதித்தவள், எனக்கு அது வேண்டாம் என்கிறாள். அதை அவள் இயல்பென்று விட்டிருக்கலாம். விடவில்லையே! அவள் நெஞ்சும் அவன்பால் சென்றது என்கிறார். அதற்குக் காரணமாக முற்பிறப்பில் அவன் இராகுலன், இவள் இலக்குமி என்கிறார். இறுதியில் துறவு என்னும் சீருடை அணிவிக்கிறார். ஆடையின்றி அவள் மறுப்பு அவைக்கு வரக்கூடாது போலும்!

இன்றைய புனைவாளர் முற்பிறப்பை நம்புவதில்லை. அந்த இடத்தில் மனக்காயத்தை வைத்திருக்கிறார். இளவயதில் எவனோ கொடுமை செய்தான், அதனால் அவள் இப்படி. காதலன் அன்பால் ஆற்றினான், அவள் சரியானாள். கொடுமைக்கு ஆளானோர் உண்டு. அவர் கதையும் சொல்லப்படவேண்டும். ஆனால் ஒவ்வொரு விருப்பமின்மைக்கும் அடியில் ஒரு புண்ணைத் தோண்டுவது எந்த நீதி? இனிப்பு பிடிக்காதவனைப் பார்த்து, உன்னை யார் அடித்தார்கள் என்றா கேட்கிறோம்? பால் நாட்டத்தை மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சிகளுக்கு, 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார். மருத்துவன் செய்யக்கூடாதென்று நீதிமன்றம் தடுத்ததைக் கதாநாயகன் செய்தால் கைதட்டுகிறோம்!

கதைதானே, இதற்கா இத்தனை சீற்றம் என்பாருக்கு ஒரு சொல். கதை வீட்டுக்குள் வருகிறது. திருமண வீட்டுப் பந்தியில், "ஏனுங்க, புள்ளைக்கு இன்னும் ஒண்ணும் அமையலீங்களா?" என்று கேட்கும் குரலில் கனிவு உண்டு, கத்தியும் உண்டு. பெருமாள்முருகனின் 'கங்கணம்' நாவலைப் படித்தோர் அறிவர், முப்பத்தைந்து வயதிலும் பெண் அமையாத மாரிமுத்து என்னும் கொங்கு உழவனை ஊர்க்கண் எப்படி உரசுகிறது என்பதை. அவன் மணம் வேண்டி அலைபவன். வேண்டாதவன் நிலை என்ன? அவனுக்கு, பெண் கிடைக்கவில்லை என்று பொய் சொல்வதே பாதுகாப்பு. ஊரில் அந்தப் பொய்க்கு இரக்கம் கிடைக்கும்; உண்மைக்குச் சிரிப்புத்தான் கிடைக்கும். ஆண்மை இல்லையா என்ற கேள்வி அடுத்த வாயிலிருந்து வரும்.

"கட்டிவைத்தால் சரியாகிவிடும்" என்று முடிவு செய்கிறார்கள். யாருக்குச் சரியாகும்? உடற்குறையோ தக்க காரணமோ இன்றி, நெடுங்காலம் உடலுறவை மறுக்க ஒருதலையாக முடிவெடுப்பது மனக்கொடுமை ஆகலாம் என்று 2007-இல் சமர் கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. மணந்து வந்த துணைக்கும் ஒரு வாழ்வு உண்டல்லவா? அவர் ஏமாந்தவர் ஆகிறார். கட்டாயப்படுத்தப்பட்டவர் கொடியவர் ஆகிறார். கட்டிவைத்தவர்கள் மட்டும் நல்லவர்களாகவே வீதியில் நடக்கிறார்கள். முப்பதாம் அத்தியாயத்தில் எல்லாம் மாறும் என்று இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது எது?

உடல்வேட்கையை நீக்கிவிட்டால் காதல் கதையில் சுவை என்ன இருக்கும் என்பது எழுத்தாளரின் கவலை, நேர்மையான கவலை. விடை புறநானூற்றில் இருக்கிறது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் முன்பின் கண்டதில்லை. சோழன் வடக்கிருந்தபோது ஆந்தைக்கு இடம் ஒதுக்கச் சொன்னான், ஆந்தையும் வந்தார். உடல் நுழையாத அந்த உறவில் ஏக்கம் இல்லையா, காத்திருப்பு இல்லையா, உயிரைக் கொடுக்கும் உறுதி இல்லையா? புரட்சிக்கவிஞர் பாரதிதாசன் அதை எடுத்துத் திருப்பி நாடகமாக்கினார். அவர் மறைந்தபின் 1969-இல் அந்தப் 'பிசிராந்தையார்' சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. நட்புக்குத் தந்த இடத்தைக் காதலுக்குத் தர ஏன் தயங்கவேண்டும்? ஒரே வீட்டில் இருவர், ஒருவர் வேலைமுடிந்து வரும் பேருந்துக்காக மற்றவர் விழித்திருக்கிறார், கட்டில் வேறு. இதிலே எழுதுவதற்கு எதுவும் இல்லை என்பவர், எழுதத் தெரியாதவர்.

மேல்நாட்டிலும் வழி நேராக இல்லை. ஆர்ச்சி படக்கதைகளின் ஜக்ஹெட், பால் ஈர்ப்பு இல்லாதவன் என்று 2016-இல் ஏட்டிலேயே எழுதப்பட்டான். அடுத்த ஆண்டு தொலைக்காட்சித் தொடர் அவனுக்குக் காதலி ஒருத்தியைக் கொடுத்து அதை அழித்தது. அழித்ததை ரசிகர்கள் தம் கதைகளில் திரும்ப எழுதினர். ஷெர்லக் ஹோம்ஸையும் அவ்வாறே எழுதுவோர் பலர். அவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை. வேட்கை இல்லாதவனை அவர்கள் பெரும்பாலும் மேதையாக, உணர்ச்சி வற்றிய பொறியாகவே வார்க்கின்றனர். மேதைக்கு மட்டும் விதிவிலக்கா? திருப்பூர்ப் பின்னலாலையில் கணக்கெழுதும் சாதாரணப் பெண்ணுக்கு, சோம்பலும் கோபமும் சிரிப்பும் உடைய ஒருத்திக்கு, அந்த இயல்பு வாய்க்கக் கூடாதா?

மணிமேகலையையே யாரேனும் எழுதிப் பாருங்கள், கொங்குவேளிர் ஊரைச் சேர்ந்த தம்பியோ தங்கையோ. அமுதசுரபி அவள் கையில் இருக்கட்டும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகட்டும். முற்பிறப்பை எடுத்துவிடுங்கள். காவியுடையையும் எடுத்துவிடுங்கள். உதயகுமரன் வந்து ஏன் என்று கேட்கிறான். எனக்கு அந்த விருப்பம் இல்லை என்கிறாள். அவன் அதை நம்புகிறான்; வாள் வரும் முன்பே வீடு திரும்புகிறான். மறுநாள் அன்னம் வாங்க வந்தோர் வரிசையில் வேலை மிகுதி. உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டு அவன் மீண்டும் வருகிறான். அங்கிருந்து கதை எப்படிப் போகும்?