தேகம் ஓர் அமானிதம்

இராமநாதபுரம் கடற்கரையில், ஏர்வாடியில் அடங்கியிருக்கும் சுல்தான் செய்யது இபுறாஹீம் ஷஹீத் பாதுஷா நாயகத்தின் தர்காவுக்கு, சாதி சமய பேதமின்றி, சித்தம் கலங்கிய மக்களையும் உடன்பிறந்தாரையும் அழைத்துக்கொண்டு நேர்ச்சையோடு வந்து தங்கும் எளியவர்களைக் கண்டவர்களுக்கு, ஒருவருடைய நோயை மற்றொருவர் தம் நோயாகச் சுமக்க வல்லவர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் ஊரடங்கு வந்தபோது நாடெங்கும் வழிபாட்டு இடங்கள் அடைபட்டன. துயரம் மிகுந்த நாளிலே மகானின் சன்னிதியை அடைப்பது விசுவாசக் குறைவாகாதா என்று பக்தர்கள் மனம் நொந்தார்கள். இக்கேள்விக்கு விடை காண, அதே மாதங்களில் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைப் பிரிவுகளில் எழுந்த ஒரு தர்மசங்கடத்தை விசாரிப்பது தகும்.

ரத்தப் புற்றுநோயாலோ தலசீமியாவாலோ நலிந்த ஒருவருக்குப் பிறருடைய ஸ்டெம் செல்களை, அதாவது ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்களைச் செலுத்துவதற்கு முன், அவருடைய சொந்த எலும்பு மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளால் அழித்துவிடுகிறார்கள். அதன்பின் கொடையாளியின் செல்கள் வந்து சேராவிட்டால், பழைய பயிரை உழுது அழித்தபின் விதை கிடையாத வயலைப் போல, ரத்தம் ஊற வழியின்றி அச்சரீரம் நிற்கும். கொடையாளியின் திசு வகை நோயாளியுடையதோடு பொருந்த வேண்டும்; உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஆகவே பலருடைய ஆயுள், பெயரும் முகமும் அறியாத ஓர் அந்நியர் கொடுத்த வாக்கைப் பற்றிக்கொண்டிருக்கிறது. அந்த அந்நியர் சில நாட்கள் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு கையிலிருந்து புறப்படும் ரத்தம் இயந்திரத்துக்குள் சென்று, செல்கள் பிரிக்கப்பட்டு, மறு கை வழியே திரும்பும்வரை மணிக்கணக்கில் படுத்திருக்கிறார். முடிவில் மிஞ்சுவது உள்ளங்கையில் ஏந்தத்தக்க ஒரு சிறிய பையும் அதனுள் சிவந்த திரவமுமே.

அப்பையைச் சுமார் மூன்று நாட்களுக்குள், கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோய், உறையவைக்காமலே செலுத்துவது பெருவழக்காக இருந்தது. பெருந்தொற்றிலோ விமானங்கள் நின்றன. கொடையாளியே நோயுறலாம் என்ற அச்சமும் சேர்ந்தது. ஆகவே மருத்துவர்கள் முதலில் செல்களைப் பெற்றுத் திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் உறையவைத்து, அவை கைக்கு வந்தபின்னரே நோயாளியின் மஜ்ஜையை அழிக்கத் துணிந்தார்கள். பொறுக்கக்கூடியவர்களின் சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள். ஐரோப்பாவில் அவ்வாண்டு இச்சிகிச்சைகள் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 6.5 விழுக்காடு குறைந்தன. எனினும், நோய் தவணை கொடாதவர்களுக்காக, உலகமே வீட்டினுள் ஒடுங்கியிருந்த நாளிலும், கொடையாளிகள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுப் போனார்கள்.

வாசலைத் தாண்டாதிருந்தவர் செய்தது தர்மமா, தாண்டிச் சென்றவர் செய்தது தர்மமா? தேகம் எனக்கே சொந்தம் என்று கொண்டால், இரண்டும் என் விருப்பப்படி செய்த உபகாரங்களே, செய்யாவிடினும் குற்றமில்லை. தேகம் ஆண்டவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று கொண்டாலோ, தர்காவுக்குப் போகாமல் தன் மூச்சைப் பிறருக்குக் கேடாகாதபடி காத்தவரும், ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் உதிரத்தைப் பகிர்ந்தவரும் ஒரே கடனையே தீர்த்தவர்கள் ஆகிறார்கள். ஆயுளை அளப்பவன் இறைவன், நமக்கு ஏன் இத்தனை எச்சரிக்கை என்பாரும் உண்டு. ஒப்படைத்தவனை நம்புவது, ஒப்படைத்ததைக் காவாதிருக்க உரிமை தருவதில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி 28 உயிர்கள் மாண்டதை நினைப்பவர்களுக்கு இவ்வுண்மை விளங்கும். துவா என்னும் பிரார்த்தனைக்கு வருவோருக்கு மருந்தும் கிடைக்கும்படி பின்னாளில் அங்கே ஏற்பட்ட ஏற்பாடு, பக்திக்கு இழுக்கன்று; பக்தியின் நிறைவேற்றமே ஆகும்.

ஆதலால், பதினெட்டு வயது நிரம்பிய ஆரோக்கியமான இளைஞர்கள், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டுக் கொடுத்துக் கொடையாளர் பதிவேட்டில் சேர வேண்டும். சேர்ந்தபின், அழைப்பு வரும் நாளில் அஞ்சிப் பின்வாங்காதிருக்க வேண்டும். கொடுத்த வாக்கும் ஒரு நேர்ச்சையே. அதைச் செலுத்துவது நம் கடமை.