அடுப்படியில் ஒரு சுன்னத்து

பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ ஊரை விட்டுப் புறப்படும் பிள்ளைக்கு நம் வீடுகளில் எத்தனையோ பொருள்களைக் கட்டிக் கொடுக்கிறோம். வறுத்த இடியாப்ப மாவு, கறி மசாலாத் தூள், ஊறுகாய், கருவாடு, முஸல்லா, யாஸீன் கிதாபு என்று பெட்டி நிறைந்து விடுகிறது. பயண துஆ ஓதி, கண் கலங்கி வழியனுப்புகிறோம். ஆனால் ஒன்றை மட்டும் கொடுத்தனுப்ப மறந்து விடுகிறோம். அந்த மாவைப் பிசையும் பழக்கத்தையும், அந்த மசாலாவைச் சட்டியில் சேர்க்கும் பக்குவத்தையும் நாம் கொடுப்பதில்லை. கேட்டால், "ஆம்பிளைப் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்கிறார் உம்மா. வாப்பாவும் ஆமாம் என்று தலையசைக்கிறார்.

சமையல் குறிப்பு எழுதுவதற்காக இக்கட்டுரையைத் தொடங்கவில்லை. நமக்குள்ள கேள்வி வேறு. தன் அன்றாடத் தேவைகளைத் தானே கவனித்துக் கொள்ளத் தெரிந்திருப்பது ஒரு முஸ்லிமுக்கு வெறும் வசதிதானா? அல்லது மார்க்கம் வேண்டும் நற்குணங்களில் அதுவும் ஒன்றா? இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

நம்மவர்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய காலத்திலேயே, கடைக்குப் பின்னால் அடுப்பு மூட்டித் தாமே பொங்கித் தின்றவர்கள்தாம். 1973ஆம் ஆண்டு எண்ணெய் விலை உயர்ந்த பிறகு வளைகுடா நாடுகளின் வாசல் அகலத் திறந்தது. அன்றிலிருந்து ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று தங்கி, முறை வைத்துச் சமைத்து வாழும் வாழ்க்கை நம் இளைஞர்களுக்குப் பழகிப் போயிற்று. இன்று பெண் மக்களும் படிப்புக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்குகிறார்கள்.

முதல் முறை சமைப்பவன் நிலையை எண்ணிப் பாருங்கள். சோறு குழைந்து விடுகிறது. ஆணத்தில் உப்பு கரிக்கிறது. அடி பிடித்த சட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கிறது. அந்த நேரத்தில் அவன் உள்ளத்தில் இரண்டு எண்ணங்களில் ஒன்று எழும். 'இதெல்லாம் நான் செய்ய வேண்டிய வேலையா?' என்பது ஒன்று. 'இதையா என் உம்மா இத்தனை வருடமும் மூன்று வேளையும் செய்தார்கள்!' என்பது மற்றொன்று. முன்னது பெருமையின் குரல். பின்னது நன்றியின் குரல். ஒரே அடுப்பு, ஒரே புகை. ஆனால் ஒருவனை அது முணுமுணுக்கச் செய்கிறது. மற்றவனை மனிதனாக்குகிறது.

நாயகத்தின் இல்லத்தில்

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா ரலியல்லாஹு அன்ஹா அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து சென்று விடுவார்கள் என்று அன்னையவர்கள் விடையளித்தார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. வேறு அறிவிப்புகளில், நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள், ஆட்டில் பால் கறப்பார்கள் என்றும் வந்திருக்கிறது.

வஹீ இறங்கிய வீடு அது. படைத் தலைவர்களும் தூதுக் குழுவினரும் வந்து சென்ற வாசல் அது. அங்கே இருந்தவர்கள் தம் கிழிந்த ஆடைக்குத் தாமே ஊசி பிடித்தார்கள் என்றால், எந்த ஆண் மகனின் கௌரவம் அதைவிடப் பெரிது? தாடி வைப்பதிலும் மிஸ்வாக் செய்வதிலும் சுன்னத்தைத் தேடுகிறோம். நல்லதுதான். வீட்டு வேலையில் கை கொடுப்பதும் அதே நாயகத்தின் வழக்கந்தானே! அதை மட்டும் ஏன் பெண்கள் பக்கம் தள்ளி வைத்தோம்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறும் நாம் அறிந்ததே. இரவில் ஊர் சுற்றி வந்தபோது, பசியால் அழும் குழந்தைகளை ஏமாற்ற வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்த ஒரு தாயைக் கண்டார்கள். பைத்துல்மாலுக்குச் சென்று மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்தார்கள். அதோடு வேலை முடிந்தது என்று நின்று விடவில்லை. தாமே அடுப்பு ஊதினார்கள். தாடிக்குள் புகை புகுந்து வெளியேறுவதை உடன் சென்ற அஸ்லம் பார்த்துக் கொண்டிருந்தார். உணவு வெந்து, குழந்தைகள் வயிறாறிய பிறகே திரும்பினார்கள். அடுப்பு ஊதத் தெரியாத கலீஃபாவாக இருந்திருந்தால் அந்த இரவில் மாவு மட்டுமே போய்ச் சேர்ந்திருக்கும்.

ரொட்டி சுடத் தெரியாத அஸ்மா (ரலி)

"பெண்ணாகப் பிறந்தவளுக்கு இது தானாகவே வரும்" என்று நினைப்பவர்களும் உண்டு. மணமாகிப் போன மருமகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்றால், "உன் உம்மா என்ன வளர்த்தாள்?" என்ற குத்தல் பேச்சு இன்றும் பல வீடுகளில் கேட்கிறது.

இவர்கள் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் புதல்வி அஸ்மா (ரலி) அவர்களின் வாக்குமூலத்தைக் கேட்கட்டும். ஸுபைர் (ரலி) அவர்களை மணந்தபோது அவர்களிடம் ஒரு குதிரையும், தண்ணீர் சுமக்கும் ஓர் ஒட்டகமுமே இருந்தன. குதிரைக்குத் தீனி வைத்ததும், தண்ணீர் சேந்தியதும், தோல் வாளியைத் தைத்ததும், மாவு பிசைந்ததும் எல்லாம் அஸ்மா (ரலி) அவர்களே. ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார்கள். ஆனால் தமக்கு நன்றாக ரொட்டி சுடத் தெரியாது என்றும், அன்ஸாரிகளான அண்டை வீட்டுப் பெண்கள் தமக்காகச் சுட்டுத் தந்தார்கள் என்றும் அவர்களே சொல்கிறார்கள். அந்தப் பெண்கள் உண்மையான உள்ளம் படைத்தவர்கள் என்று பாராட்டவும் செய்கிறார்கள்.

இதில் இரு படிப்பினைகள் உள்ளன. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இழிவில்லை. தெரியாதவரைக் கண்டால் குத்திக் காட்டாமல் ரொட்டியைச் சுட்டுக் கொடுப்பதே அன்ஸாரிப் பண்பு. அறைக்குப் புதிதாக வந்த தம்பி சோற்றைக் குழைத்து விட்டால் கேலி செய்யும் நண்பர்களுக்கும், மருமகளைக் குறை சொல்லும் மாமியார்களுக்கும் இந்த ஒரு செய்தியே போதும். நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிட்டால் விட்டு விடுவார்கள்.

கடமையா, உபகாரமா?

"வெளி வேலை ஆணுக்கு, உள் வேலை பெண்ணுக்கு என்று பிரித்திருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வீட்டு வேலை செய்வது மார்க்க ஒழுக்கத்தின்படி மனைவியின் பொறுப்பு, ஆயினும் காழி அவளைக் கட்டாயப்படுத்த இயலாது என்பது ஹனஃபி அறிஞர்களின் கருத்து. ஷாஃபி மத்ஹபின்படியோ சமைப்பதும் துவைப்பதும் நிகாஹ் ஒப்பந்தத்தால் அவள்மீது கடமையாவதில்லை. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள், அஸ்மா (ரலி) அவர்களின் ஹதீஸுக்கு விளக்கம் எழுதும்போது, இவையெல்லாம் பெண்கள் தாமாக முன்வந்து செய்யும் உபகாரம் என்றே எழுதியிருக்கிறார்கள். கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றி வரும் நம் மக்களில் எத்தனை பேர் இதை அறிந்திருக்கிறார்கள்?

இதைச் சொல்வது வீடுகளில் வழக்காடுவதற்காக அல்ல. உபகாரம் என்றால், நம் முன் வைக்கப்படும் ஒவ்வொரு தட்டுச் சோறும் அன்பளிப்பு. அன்பளிப்பைப் பெற்றவன் நன்றி சொல்ல வேண்டும். பொறுப்பு என்றே வைத்துக் கொண்டாலும் நன்றி நீங்கி விடாது. பணியாள் உணவு சமைத்துக் கொண்டு வந்தால், அவரை உடன் அமர்த்துங்கள், இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள், அதன் சூட்டைத் தாங்கியவர் அவரல்லவா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கூலி பெற்றுச் சமைத்தவருக்கே அடுப்பின் சூட்டுக்காக இத்தனை மரியாதை என்றால், கூலியே கேளாத உம்மாவுக்கும் மனைவிக்கும் லாத்தாவுக்கும் எவ்வளவு மரியாதை செலுத்த வேண்டும்!

ஆனால் சூடு எப்படியிருக்கும் என்று தெரியாதவனுக்கு அந்த நன்றி எங்கிருந்து வரும்? சும்மாட்டுச் சுமையைத் தூக்கிப் பார்க்காதவனுக்கு அதன் எடை தெரியாது. ஆகவேதான் சமைக்கக் கற்பது நன்றி செலுத்தக் கற்பதாகவும் ஆகிறது.

அங்கே தெரிந்த கை இங்கே மறப்பதேன்?

இங்கேதான் நாம் நம்மையே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி எழுகிறது. பத்து வருடம் வெளிநாட்டில் தானே சமைத்து, தானே துவைத்து, தன் அறையைத் தானே கூட்டியவர் இரண்டு மாத விடுமுறையில் ஊர் வருகிறார். வந்த மறுநாளே தண்ணீர்ச் செம்பைக் கூட எட்டி எடுப்பதில்லை. சாப்பிட்ட தட்டு உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கிறது. முட்டி வலியுள்ள உம்மா குனிந்து எடுக்கிறார்.

"அவனே எப்போதோ வருகிறான், ஓய்வெடுக்கட்டுமே! அவனுக்கு ஊட்டுவதில் எனக்கல்லவா இன்பம்?" என்று அந்தத் தாய் சொல்வார். அந்த அன்பை நாம் தடுக்கவில்லை. தாயின் கைச்சோற்றை மகிழ்ந்து உண்பது அவரை மகிழ்விப்பதாகும். ஆனால் ஊட்டுவதில் இன்பம் காணும் அதே கைக்கு நடுக்கம் கண்டிருக்கிறது என்பதைப் பிள்ளை கவனிக்க வேண்டாமா? அங்கே அவர் சமைத்தது வேறு வழியில்லாமல். இங்கே ஒரு நாள், உம்மாவை உட்கார வைத்து அவர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் அது இஹ்ஸான். நிர்ப்பந்தத்தில் செய்வது பிழைப்பு, விரும்பிச் செய்வதே குணம். தொழில் கற்று வந்தவர் குணம் கற்று வரவில்லையானால் பத்து வருடப் புகையும் வீணாயிற்று.

பேறுகாலத்தில் மனைவி படுத்திருக்கும்போது, பக்கத்து வீட்டிலிருந்து சோறு வருமா என்று வாசலைப் பார்த்திருக்கும் கணவர்கள் உண்டு. துணைவியை இழந்த முதியவர், தேநீர் போடவும் தெரியாமல், மருமகளின் முகம் பார்த்து, அவள் பாத்திரம் வைக்கும் ஓசைக்கெல்லாம் கூசிப் போவதையும் காண்கிறோம். சொத்து இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கோப்பைத் தேநீருக்கு மட்டும் சுதந்திரம் இல்லை! இளமையில் கௌரவம் என்று நினைத்தது முதுமையில் அடிமைத்தனமாய் வந்து நிற்கிறது.

அதே சமயம், 'எனக்கு எவர் தயவும் வேண்டாம்' என்ற இறுமாப்பையும் மார்க்கம் கற்பிக்கவில்லை. குழம்பு காய்ச்சினால் தண்ணீரைக் கூடுதலாக்கி அண்டை வீட்டாரையும் கவனியுங்கள் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். தன் சட்டியைத் தானே ஏற்றத் தெரிந்தவனுக்கே பிறருக்கும் சேர்த்து ஏற்றும் பாக்கியம் கிடைக்கிறது.

பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியவை

விருந்துச் சமையல் தேவையில்லை. சோறு, பருப்பு, கஞ்சி, ஒரு மீன் ஆணம், ஒரு முட்டைப் பொரியல் போதும். இவற்றோடு துணியில் பட்ட நஜீஸை நீக்கிக் கழுவவும், மீனையும் இறைச்சியையும் துப்புரவு செய்யவும், பிஸ்மி சொல்லித் தொடங்கவும், வீண் விரயமின்றி அளவோடு ஆக்கவும் ஆண், பெண் இருபாலருக்கும் சொல்லிக் கொடுங்கள். வடித்த சோற்றை வெக்கையில் நெடுநேரம் வைத்திருந்து பிறகு சுட வைத்துத் தின்னக் கூடாது. அதில் உண்டாகும் ஒருவகை நஞ்சு மறுபடி சுட வைப்பதால் போகாது.

இரவில் பாத்திரங்களை மூடுங்கள், கதவைத் தாழிடுங்கள், விளக்கை அணையுங்கள், தூங்கும்போது நெருப்பை விட்டு வைக்காதீர்கள் என்பது நாயகத்தின் கட்டளை. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பற்றியபோது, நெருப்பு உங்கள் பகைவன் என்று எச்சரித்தார்கள். கேஸ் அடுப்புக் காலத்தில் இதற்கு என்ன பொருள்? படுக்கும் முன் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுவதே இதன் பொருள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் மின்விசிறியையோ விளக்கையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேற வேண்டும். பலர் உறங்கும் அறையில் இது உயிர்களின் அமானத்தாகும்.

தாய்மார்களே! உங்கள் மகன் வெளியூர் புறப்பட இன்னும் ஒரு மாதம் இருக்கிறதென்றால், இன்றே அவனை அடுப்படிக்கு அழையுங்கள். வெங்காயம் அரியட்டும், கண் எரியட்டும். மகளும் அவனும் முறை வைத்துச் செய்யட்டும். தந்தைமார்களே! நீங்கள் உண்ட தட்டை நீங்களே கழுவி வையுங்கள். பிள்ளைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் கண்டே அதிகம் கற்கிறார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்தில் நிலவிய எளிமையையும் பரிவையும் நம் இல்லங்களிலும் நிலவச் செய்து, பிறருக்குச் சுமையாகாமலும், பிறர் சுமையைத் தாங்குபவர்களாகவும் வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.