கேட்டதை நம்பலாமோ?



கேசபுத்தம் என்னும் ஊரில் வாழ்ந்த காலாமர்கள் ஒருமுறை பகவான் புத்தரை அணுகித் தம் ஐயத்தைக் கூறினர். வருகிறவர் ஒவ்வொருவரும் தம் கொள்கையைப் புகழ்ந்து பிறர் கொள்கையை இகழ்கின்றனர். யாரை நம்புவது என்பதே அவர்தம் கேள்வி. செவிவழி வந்தது என்பதற்காகவோ, சொல்பவர் தகுதியுடையவர்போலத் தோன்றுவதற்காகவோ எதனையும் ஏற்க வேண்டா; தீங்கு பயப்பது எது என்று நீங்களே அறிந்து விலக்குங்கள் என்பது பகவான் அருளிய விடையின் சாரம். ஆசைவயப்பட்டவன் கொலை, களவு, பிறன்மனை நாடல், பொய் ஆகியவற்றில் வீழ்வான் என்பதையும் அங்கேயே அவர் எடுத்துக் காட்டினார். ஆகவே, ஆராய்ந்தறியும் கடமையும் மூன்றாம் சீலமும் ஒரே போதனையில் சந்திக்கின்றன. இன்று நாம் சிந்திக்கப் புகும் பொருளும் அதனைச் சார்ந்ததே.

பாலக்காட்டு எல்லையில் வாளையார், கோபாலபுரம்; இடுக்கி எல்லையில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. இவ்வழிகளில் லாரி ஓட்டியும், ஏலம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்தும் பிழைப்போர் நம்மவருள் பலர். வாளையாரில் வரிச் சாவடியின் முன் லாரிகள் நெடுநேரம் காத்துக் கிடந்த காலம் ஒன்றுண்டு. 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்தபின் அச்சாவடி ஒழிந்தது. ஆனால் வீட்டைப் பிரிந்தவனின் தனிமை ஒழியவில்லை. முன்பு சாலையோரத் தரகன் காதோடு சொன்னதை இன்று கைப்பேசி சொல்கிறது. 'எஸ்கார்ட்' என்றொரு பெயர், ஒரு படம், ஒரு விலை, ஐந்து நட்சத்திரக் குறி. அதன் கீழே 'சுத்தமானவர், நம்பலாம்' என்று முகமறியாத ஒருவரின் புகழுரை!

இப்புகழுரையைக் காலாமர்களைப்போல் ஆராய்ந்து பார்ப்போம். எழுதியவர் யார்? விற்பவனே வாங்கியவன்போல் எழுதியிருக்கலாம். முன்பணத்தைப் பெற்று மறைவதற்கும், பின்னர் மிரட்டிப் பணம் பறிப்பதற்கும் விரித்த வலையாகவும் இருக்கலாம். சரி, மெய்யாகவே சென்று வந்தவர் எழுதினார் என்றே கொள்வோம். அவர் கண்டது என்ன? முகத்தைக் கண்டார், இரத்தத்தைக் கண்டாரா? எச்.ஐ.வி. கிருமி பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலில் தங்கும். மேகப்புண் வலியின்றித் தோன்றித் தானே ஆறும். நோயோ உள்ளே நிற்கும். பரிசோதனைச் சான்றைக் காட்டினாலும், அண்மையில் புகுந்த தொற்று அதில் தெரியச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். அவ்வளவு ஏன்? புகழ்ந்து எழுதியவரே நோயைக் கொடுத்துவிட்டு வந்தவராகவும் இருக்கலாமன்றோ?

இந்நோய் நம் நாட்டை அணுகாது என்பதும் ஒரு காலத்தில் பலர் வாயில் உலவிய பேச்சே. 1986இல் சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தத்தைச் சோதித்து, இந்தியாவில் முதன்முதலாக அக்கிருமியைக் கண்டறிந்தனர். பேச்சு பொய்த்தது, சோதனை வென்றது.

இதனைக் கூறுவதால் அப்பெண்களை நாம் இகழ்கிறோம் என்று எவரும் கருதற்க. அம்பபாலியின் கையால் உணவேற்றவர் நம் பகவான். கணிகையர் குலத்து மாதவியைத் தம்மத்தின்பால் ஆற்றுப்படுத்தியவர் அறவண அடிகள். படத்தில் சிரிப்பவள் வறுமையாலோ வன்முறையாலோ அங்கே நிறுத்தப்பட்டவளா என்பதை எந்த நட்சத்திரக் குறி நமக்குக் கூறும்? அவளுக்கு நோயைக் கொண்டு செல்பவனும் ஆண். அவளிடம் பெற்றதை ஊரில் காத்திருக்கும் மனைவிக்குக் கொண்டு செல்பவனும் ஆண். ஒரு குற்றமும் அறியாத அவ்வில்லாள் எந்தப் புகழுரையைப் படித்து ஏமாந்தாள்?

ஆதலின், சீலத்தைக் காப்பதே முதல் காப்பு. வழுவியவரையும் தம்மம் கைவிடுவதில்லை. அவர் அறிய வேண்டியவற்றைக் கூறாதிருப்பது கருணையாகாது. ஆணுறை பெரிதும் காக்கும். ஆயினும் அது மூடாத இடத்துப் புண்ணால் மேகநோய் தொற்றக்கூடும். காப்பின்றி உறவு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை விரைவில், அரசு மருத்துவமனையை அடைந்து கேளுங்கள், எச்.ஐ.வி.யைத் தடுக்க 28 நாள் உண்ணும் மருந்து உண்டு. மேகப்புண் பென்சிலினால் குணமாகும். எச்.ஐ.வி. இருப்பினும், மருந்தை ஒழுங்காக உண்டு கிருமியை அடக்கி வைத்தவரிடமிருந்து உடலுறவால் அது பிறருக்குத் தொற்றாது. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்றும், கேரளத்தில் ஜோதிஸ் என்றும் வழங்கும் நிலையங்களில் பரிசோதனை இலவசம். 1097 என்னும் எண்ணில் ஆலோசனை கேட்கலாம். ஒருவரது எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளியிடுதலையும், அதன் பொருட்டு வேலையைப் பறித்தலையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அச்சம் வேண்டா, மறைத்தலும் வேண்டா. மனைவியையும் உடன் அழைத்துச் சென்று சோதித்தலே நேர்மை.

பிறர் சொல்லை நம்பி உடலை ஒப்புவிப்பது அறியாமை. தன் உடலின் நிலையைத் தானே சோதித்தறிவது விழிப்பு. எல்லையைக் கடந்து உழைக்கச் செல்லும் நம் மக்கள் சீலத்தின் எல்லையைக் கடவாது, நலமுடன் இல்லம் திரும்புவாராக! துன்புறும் அப்பெண்களும் துயர் நீங்கி வாழ்வாராக!

சாது! சாது! சாது!