கங்காரு எந்த வழியாகப் போனது?

கப்பலில் ஆட்டை ஏற்றுவார்கள், குதிரையை ஏற்றுவார்கள். நரியை ஏற்றுவார்களா? அதிலும் நாற்றமடிக்கிற நரியை? 1590இல் வெளிவந்த தன் நூலில் ஹோசே டி அக்கோஸ்டா இப்படிக் கேட்டார். அவர் இயேசு சபைக் குரு. பெருவில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர். பூமியிலுள்ள மிருகங்களெல்லாம் நோவாவின் பேழையிலிருந்து இறங்கியவற்றின் சந்ததி என்றால், பழைய உலகில் எங்கும் காணாத குவானக்கோ என்ற மிருகம் பெருவின் மலைகளில் மேய்வது எப்படி? எங்கோ ஓரிடத்தில் புது உலகமும் பழைய உலகமும் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் மிக நெருங்கியாவது இருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார். அந்த இரு உலகங்களும் நெருங்குகிற நீரிணையில், பின்னால் அதற்குத் தன் பெயரைத் தந்த பேரிங் கப்பல் செலுத்தியது 1728இல்தான்.

நான் நாகர்கோவிலில் விலங்கியல் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். அங்கே வருகிற பிள்ளைகளுக்கு அக்கோஸ்டாவைத் தெரியாது. ஆனாலும் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "சார், பேழை நின்ன அரராத் மலையிலேருந்து கங்காரு ஆஸ்திரேலியாவுக்கு எப்படிப் போச்சு?" அவிசுவாசம் என்று அதட்டுகிற பெரியவர்கள் சபையில் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: கேள்வியை முதலில் கேட்டவர்கள் விசுவாசிகள்தான். உலகத்தை உயிர்களைக் கொண்டு மண்டலங்களாகப் பிரிக்கிற அறிவியலுக்கும் அங்கேதான் வேர்.

1858இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர், பறவைகளை வைத்து உலக நிலத்தை ஆறாகப் பிரித்தார். ஒவ்வொரு உயிரினமும் இன்று எந்தப் பரப்பில் வாழ்கிறதோ அங்கேயே படைக்கப்பட்டது என்பது அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை. அப்படியானால் எல்லைகளைச் சரியாகக் கண்டுபிடித்தால் படைப்பு நடந்த இடங்களும் தெரிந்துவிடும். பழைய உலகப் படைப்பு, புது உலகப் படைப்பு என்றே அவர் பெயரிட்டார். நம் திணைப் பகுப்போடு இதைப் போட்டுக் குழப்ப வேண்டாம். குறிஞ்சி எந்த நாட்டிலிருந்தாலும் குறிஞ்சி. மலையும் மழையும் ஒத்தால் போதும். ஸ்க்லேட்டரின் பகுப்பு எழுப்புகிற கேள்வி வேறு. காங்கோ காட்டிலும் அமேசான் காட்டிலும் வெயிலும் மழையும் ஏறக்குறைய ஒன்றாயிருக்க, குரங்குகளும் பல பறவைகளும் ஏன் வேறு வேறு குடும்பமாக இருக்கின்றன?

பேழைச் சிக்கல் தீர்ந்தது. யாரும் எங்கிருந்தும் நடக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்க்லேட்டர் இன்னும் ஓரடி வைத்தார். மனித இனங்களின் வாழிடங்களும் இந்த மண்டலங்களோடு பொருந்தி வந்தால், அந்த இனங்களும் தனித்தனியே தோன்றியவை என்றுதான் கொள்ள வேண்டும் என எழுதினார். பேழையோடு ஆதாமும் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அதே 1858இல் எங்கள் தென் திருவிதாங்கூரில் தோள்சீலைக் கலகம் மீண்டும் மூண்டது. மேலாடை அணிந்ததற்காக ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் அடிபட்டார்கள், அவர்கள் சட்டை கிழிக்கப்பட்டது. அந்தப் பெண்களின் வழிவந்த எனக்கு, எல்லோருக்கும் ஒரே தகப்பன் என்பது பண்டிதர்கள் விவாதித்து முடிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. பேழையின் நீள அகலத்தை நான் விட்டுக்கொடுப்பேன். ஒரே இரத்தத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். பவுல் அத்தேனேயில் பேசியதில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன: மனிதர் எல்லோரும் ஒரே இரத்தம், அவர்கள் குடியிருக்கும் எல்லைகளைக் குறித்தவரும் தேவன்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு உதவியவர் ஒரு போதகர் அல்ல, இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் வாலஸ். 1856 ஜூனில் அவர் பாலித் தீவிலிருந்து லம்போக்குக்குக் கடந்தார். நடுவில் சுமார் 35 கிலோமீட்டர் கடல். பாலியில் பார்த்த குக்குறுவானும் மரங்கொத்தியும் லம்போக்கில் அவர் கண்ணில் படவில்லை. அங்கே ஆஸ்திரேலியப் பக்கத்துக் காக்கட்டூகள் கத்திக்கொண்டிருந்தன. காரணத்தை அவர் கடலின் ஆழத்தில் தேடினார். பனியுகத்தில் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கியபோது சுமாத்ராவும் ஜாவாவும் பாலியும் ஆசியாவோடு ஒட்டிய தரையாயின. லம்போக் நீரிணை அதைவிட ஆழம், அது வற்றவேயில்லை.

1876இல் வாலஸ் எழுதிய பெரிய நூல் ஸ்க்லேட்டரின் ஆறு மண்டலங்களைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொண்டது. கோடுகள் அவையே, அர்த்தம்தான் தலைகீழானது. முன்னவருக்கு அது தனித்தனிப் படைப்புகளின் வேலி. பின்னவர் அதைப் பாகப்பிரிவினைப் பத்திரமாகப் படித்தார்: இவர்கள் ஒரு வீட்டார், பிரிந்தது இன்ன இடத்தில், ஏறக்குறைய இன்ன காலத்தில்.

கோடு நிஜமானதா என்று கேட்டால், யாருக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும். பாலிக்கும் லம்போக்குக்கும் நடுவே ஓடுகிற வாலஸ் கோடு புலிக்கு மதில்; செடிகொடிகளுக்கு அவ்வளவு கண்டிப்பில்லை. அதனால்தான் அதே தீவுகளுக்கிடையில் வெபர் கோடு, லிடெக்கர் கோடு என்று வேறு கோடுகளும் ஓடுகின்றன. 2013இல் 21,037 விலங்கினங்களின் பரவலையும் உறவுமுறையையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் பதினொரு மண்டலங்கள் என்றார்கள்.

ஸ்க்லேட்டரும் தன் கோட்டில் நிலைக்கவில்லை. 1864இல் மடகாஸ்கரின் லெமூர்களை விளக்க அவருக்கே ஒரு நிலப்பாலம் தேவைப்பட்டது. மூழ்கிய கண்டம் ஒன்றைக் கற்பித்து லெமூரியா என்றார். நம்மவர்கள் அதைக் குமரிக்கண்டம் ஆக்கிக்கொண்டது தனிக்கதை. நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது. 2003இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளைதான் எனக்குப் பிடித்த சாட்சி. ஆண்டில் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடந்து, மழைக்குச் சில நாள் மேலே வருவதால் கேரளத்தில் அதை, ஆண்டுக்கொருமுறை பாதாளத்திலிருந்து வரும் மன்னன் பெயரால், மகாபலித் தவளை என்பார்கள். 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அதன் இன்னொரு இனத்தை விவரித்தார்கள். இவற்றுக்கு மிக நெருங்கிய உறவுத் தவளைகள் செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. பழைய சபைப் பிதாவான அகஸ்டினும் தன் 'கடவுளின் நகரம்' நூலில் தூரத்துத் தீவுகளுக்கு ஓநாய் எப்படிப் போயிருக்கும் என்று மிகவும் யோசித்தார், தேவதூதர் கொண்டுபோயிருக்கலாம் என்றுகூடச் சொன்னார். தவளையில் மட்டும் சிக்கலில்லை என்றார்; அது மண்ணிலிருந்து பிறப்பதாக நம்பினார். உப்புநீர் பட்டால் பிழைக்காத அந்தத் தவளைதான் கடல் கடக்க எல்லாவற்றிலும் கஷ்டமான பிராணி. அது கடக்கவும் இல்லை. அதன் காலடியிலிருந்த நிலம்தான் பிரிந்து போனது.

கங்காருவின் முன்னோரும் அரராத் திசையிலிருந்து வரவில்லை. தென் அமெரிக்காவிலிருந்து, காடாக இருந்த அண்டார்டிகா வழியாக நடந்தன. 1982இல் அங்கே சீமோர் தீவில் ஒரு பைப்பாலூட்டியின் புதைபடிவம் கிடைத்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம். பிறகு ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: அண்டார்டிகாவிலேயே தங்கிவிட்டவை என்ன ஆயின, சார்? குளிரில் மொத்தமாக அழிந்தன என்றேன். அவற்றுக்கு ஏன் பேழை அனுப்பவில்லை என்றாள். ஸ்க்லேட்டரின் கடவுள் அததை அதனதன் இடத்தில் வைத்துவிட்டவர். அவரிடம் இதைக் கேட்க முடியாது. பிரியவும் நடக்கவும் விட்ட என் கடவுளிடம் கேட்கலாம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அவளுக்குச் சொல்ல இதுவரை பதில் வரவில்லை.