சாய்ந்து நிற்கும் சாமி

சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்தால் நம்மில் பலர் மலைக்கோ கடற்கரைக்கோ புறப்பட்டு விடுகிறோம். சென்ற மாதம் எனக்குக் கிடைத்த இரண்டு நாட்களை நான் தஞ்சாவூரில் கழித்தேன். பெரிய கோயிலைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. ஆகவே, அரண்மனைக்குள் 1951-ல் தொடங்கப்பட்ட கலைக்கூடத்துக்குப் போனேன். எங்கே போனாலும் கதைக்கு ஏதாவது அகப்படுமா என்று பார்ப்பது எழுதுகிறவனின் பேராசை. அன்று எனக்கு அகப்பட்டது கதை அல்ல, ஒரு கேள்வி.

திருவெண்காட்டில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 1950-களின் தொடக்கத்தில் வெளிப்பட்ட செப்புத் திருமேனி ஒன்று அங்கே இருக்கிறது. ரிஷபவாகன தேவர் என்று பெயர். முதலாம் ராஜராஜன் காலத்தில், 1011-ல் செய்து வைத்தது. சடையைத் தலைப்பாகைபோல் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மற்றொரு காலின்மேல் மாற்றி வைத்து, ஒரு கையை மடக்கி அலட்சியமாகச் சாய்ந்து நிற்கிறார். பக்கத்தில் தேவி. சாய்ந்திருக்கிறாரே தவிர, எதன்மேல் சாய்ந்திருக்கிறாரோ அந்த ரிஷபத்தைக் காணோம்.

மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, பிறகு மண் அச்சை உடைத்தெடுத்த வேலை அது. அச்சு உடைந்துவிடுவதால் ஒன்றைப்போல் மற்றொன்று கிடையாது. நான் இடுப்பின் வளைவையும் விரல்களின் நளினத்தையும் பார்த்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பாட்டி, பேரனுடன் வந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். சிலைக்கு முன்னால் நின்று கைகூப்பிக் கண்ணை மூடினாள். திறந்ததும் காவலாளியைக் கேட்டாள்:

"ஏன் தம்பி, சாமி மேலே ஒரு துணி கிடையாதா?"

"இது கோயில் இல்லே பாட்டி. பார்க்கிறதுக்காக வெச்சிருக்கு."

"சரி, மாடு எங்கே?"

"மாடு இல்லே பாட்டி."

"அப்போ இவரு எதும்மேலே சாஞ்சுக்கிட்டு நிக்கிறாரு?"

காவலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் குறிப்புப் புத்தகத்தில் அதற்குமேல் எழுத ஓடவில்லை. எதிரே நான் பார்த்தது சிலையா, அவள் பார்த்தது சாமியா?

இரண்டிலும் பாதி இருக்கிறது என்றே தோன்றிற்று. கோயிலில் உற்சவ மூர்த்தியைப் பட்டும் பூமாலையும் மூடியிருக்கும். நமக்குத் தெரிவது முகம் மட்டுமே. சிற்பியின் கை செய்த முழு வேலையையும் இங்கேதான் நிதானமாகப் பார்க்க முடிகிறது. ஆனால் தெருவில் உலா வருவதற்காகப் பிறந்த உருவம் இங்கே அசையாமல் நிற்கிறது. எதிரே தீபாராதனை இல்லை, நாகசுரம் இல்லை.

'அப்படியானால் எல்லாவற்றையும் ஊருக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே!' என்றார் உடன் வந்த நண்பர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்ரீபுரந்தான் நடராஜரை நினைத்துப் பாருங்கள். பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து 2006-ல் களவு போனார். 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் பெருந்தொகை கொடுத்து அவரை வாங்கியது. உண்மை வெளிப்பட்டு, 2014-ல் அவர் நாடு திரும்பினார். திருடினவன் குற்றவாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் விளக்கேற்றவும் ஆளில்லாமல் ஒரு கோயில் பூட்டிக் கிடந்ததே, அந்தக் குற்றத்தை யார்மேல் சுமத்துவது?

இந்த இடத்தில் என் மனம் என்னையே குத்திற்று. எங்கள் பூர்விக ஊரிலும் ஒரு சின்னச் சிவன் கோயில் உண்டு. உற்சவ மூர்த்திகளைப் பாதுகாப்புக்காக வேறோர் இடத்தில் வைத்திருக்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வந்து போகிறார்கள். நான் அந்தத் திருவிழாவைப் பார்த்துப் பதினொரு வருஷம் ஆகிறது. பத்திரிகை வந்தால் பணம் அனுப்பிவிட்டு, கடமை தீர்ந்ததாக நினைத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட நான், 'சாமியைக் காட்சிப் பொருளாக்கி விட்டார்களே' என்று கலைக்கூடத்தில் நின்று பெருமூச்சு விடுவதற்கு என்ன உரிமை பெற்றிருக்கிறேன்?

கலைக்கூடம் சாமியைச் சிலையாக்கிவிடவில்லை. நாம் போகாமல் விட்டதால் சாமி சிலையாகிறது. அந்தப் பாட்டி வந்து நின்ற இரண்டு நிமிஷம், அந்தக் கூடமே கோயிலாக இருந்தது. அவளிடம் பூவில்லை, கற்பூரமில்லை. 'இவர் எதன்மேல் சாய்ந்திருக்கிறார்?' என்ற கவலை மட்டும் இருந்தது. ஒன்றைத் தன்னுடையது என்று நினைக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை வரும். எனக்கு வந்ததோ ரசனை. ரசனை தவறில்லை, ஆனால் அது தாங்கிப் பிடிக்காது.

ஆயிரம் வருஷமாக ஒரு தெய்வம் சாய்ந்து நிற்கிறது. அது சாய்வதற்கு ஒரு முதுகு வேண்டும். அந்த முதுகு செம்பால் ஆனதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, எங்கள் ஊர்த் திருவிழா எந்தத் தேதியில் வருகிறது என்று கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறவனுக்கு உடனே பதில் எழுத வேண்டும் என்று அவர்களுக்கு என்ன அவசரம்?