உவமையாகிப் போன நதி

சிந்தாதிரிப்பேட்டையை மூன்று பக்கம் வளைத்துக்கொண்டு ஓடுகிறது கூவம். 1730-களில் கும்பினியார் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் இது. ‘சின்னத் தறிப் பேட்டை’தான் இப்படித் திரிந்தது என்பார்கள். நெய்கிறவர்களோடு துணி வெளுக்கிறவர்களும் வந்தார்கள். அவர்கள் பிழைப்புக்கு ஆற்று ஜலம் வேண்டியிருந்தது.

இன்று அந்த நதியின் பெயர் ஒரு வசைச் சொல். ஒருவனுடைய மனசு அழுக்கு என்று சொல்ல வேண்டுமா? “கூவம்” என்றால் போதும். மேடையில் பேசுகிறவர்களும் கவி எழுதுகிறவர்களும் இந்த உவமையைத் தாராளமாகக் கையாளுகிறார்கள். இது நியாயந்தானா?

நதி செய்த குற்றம் என்ன? கழிவு நம்முடையது; பழி மட்டும் அதனுடையது. இதே ஆற்றங்கரையில் இருக்கும் திருவிற்கோலத்தையும் திருவேற்காட்டையும் சம்பந்தர் பாடியிருக்கிறார். பாடல் பெற்ற தலங்களைத் தொட்டுவிட்டு வருகிற ஜலம், பட்டணத்துக்குள் நுழைந்ததும் ஏச்சுக்கு உரியதாகிவிடுகிறது.

“கவிதை எழுதினால் சாக்கடை சுத்தமாகிவிடுமா?” என்று கேட்பீர்கள். ஆகாது, அது இஞ்சினீயர்களின் வேலை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரு நதியைச் சாக்கடை என்று மனத்துக்குள் தீர்ப்பளித்துவிட்ட பிறகு, அதில் இன்னும் ஒரு குடம் அழுக்கைக் கொட்டுவது பாவமாகவே தோன்றாது. அந்த அனுமதியைக் கொடுத்தது சொல். சொல்லைத் திருத்த வேண்டியவன் கவிஞன் அல்லவா?

1916-ல் புதுச்சேரியைப் புயல் தாக்கியபோது பாரதியார் அங்கே இருந்தார். ‘புயற் காற்று’ என்ற பாட்டில், அந்த இரவில் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதைத்தான் எழுதினார். புயலை வேறொன்றுக்கு உவமையாக்கவில்லை. புயலாகவே பார்த்தார், அதனடியில் நடுங்கும் மனிதர்களோடு சேர்த்துப் பார்த்தார்.

கூவத்துக்கும் அந்தப் பார்வைதான் வேண்டும். “அன்று தெளிந்து ஓடினாயே!” என்று ஒப்பாரி வைப்பதும் தப்பித்துக்கொள்ளும் வழிதான், ஒப்பாரி செத்தவர்களுக்கு. இந்த நதி சாகவில்லை. 2015 டிசம்பரில் கரை புரண்டு வீடுகளுக்குள் நுழைந்து, தான் உயிரோடு இருப்பதைச் சொல்லிவிட்டுப் போயிற்று. அதன் பிறகு கரையோரக் குடிசைவாசிகள் பலர் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நதிக்காக உருகிவிட்டு இவர்களை மறக்கும் பாட்டு பாதிப் பாட்டுத்தான். நதியின் மேல் விழுந்த வசை, அதன் கரையில் வாழ்ந்த இவர்கள் மேலும் அல்லவா விழுந்தது?

நாறுகிற ஜலத்தை நாறுகிறது என்றே கவிஞன் சொல்லட்டும். யாருடைய நாற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அவனிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.